மாட்டவும் கழட்டவும் மட்டுமே பேசினோம்

கண்ணு,

உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன். உன் சித்தி மகள் சுகன்யா, "பெரியம்மா, நாளெல்லாம் இதையே எங்ககிட்டப் பேசறதுக்கு ஒரு தடவை எழுதிப் போடுங்க, நான் பத்திரிகைக்கு அனுப்பி வெக்கறேன்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். என் விரல் மடங்காததால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், என் பேச்சை இழுத்துப் பிடித்துப் பத்திரிகைத் தமிழாக்குகிறாள். உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருக்கிற எந்தத் தாயாவது இதைப் படிக்கட்டும்.

நான் எப்படிப்பட்ட வாயாடி என்று துடியலூரில் நம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காய்காரர் வண்டியை நிறுத்தினால், "அம்மணி, முதல்ல எடை போட்டுக்கறேன், அப்புறம் பேசுங்க" என்று கும்பிடுவார். உன் அப்பா லேத்துப் பட்டறையிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தால் குழம்பு ஊற்றுவதற்குள் தெருவில் நடந்தது, கோயிலில் நடந்தது, கனவில் நடந்தது எல்லாம் சொல்லி முடித்திருப்பேன். "லேத்து மிஷினாச்சும் கரண்டு போனா நிக்குது" என்பார். உன் சித்தி பிள்ளைகளுக்கு நான் சொல்லாத கதை இல்லை. சுகன்யா குழந்தையாக இருந்தபோது என் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாள். அப்படிப்பட்டவள், உனக்கு ஐந்து வயது முடிந்த பிறகு, பெற்ற பிள்ளை உன்னிடம் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. வலிக்கிறதா என்று கேட்டதில்லை. உன்னைப் பள்ளியில் சேர்த்த வருஷத்திலிருந்து நீ வளர்ந்து ஆளாகும் வரை நான் உன்னிடம் பேசியது பட்டன், அன்பட்டன், ஜிப், அன்ஜிப். அவ்வளவுதான் நம் பேச்சு.

உனக்கு ஐந்து வயது முடிந்தும் வாய் திறக்கவில்லை. கோயமுத்தூரில் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது, அங்கே சேர்த்தோம். டீச்சர் நல்ல மனுஷி. உன் வாயில் வடிவதைத் தன் முந்தானையால் துடைத்துவிடுவார், முகம் சுளிக்க மாட்டார். அவர்தான் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மா, இவனுக்கு ஒரே நேரத்துல ரெண்டு பாஷை வேண்டாம், குழம்பிடுவான். நாங்க இங்க இங்கிலீஷ்லதான் சொல்லித் தர்றோம். வீட்லயும் அதே வார்த்தையைச் சொல்லுங்க."

"ஏனுங்க டீச்சர், எனக்கு ஏ பி சி டிக்கு அக்கட்ட ஒண்ணும் வராதுங்களே."

"நீங்க பேச வேண்டாம்மா. நாங்க குடுக்கற வார்த்தையை மட்டும் சொன்னாப் போதும். முதல் பாடம், துணி போடறது, கழட்டறது. அது முடிஞ்சா சாப்பாடு. அதுக்கப்புறம் வீட்டு ஆளுங்க, அம்மா, அப்பா எல்லாம்."

அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு வந்திருந்தால் பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது. உன் அம்மாவுக்கு எதையும் சாமியோடு முடிச்சுப் போடாமல் இருக்க முடியாதே. அடுத்த அமாவாசைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஆனைமலைக்குப் போனேன். மாசாணியம்மன் முன்னால் நின்று, "தாயே, என்ற பையன் வாயத் தொறந்து பேசற வரைக்கும் அவங்கிட்டத் தமிழ்ல ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது எனக்கு விரதம்" என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் சோற்றை விடுவார்கள், செருப்பை விடுவார்கள். எனக்கு எதை விட்டால் அதிகம் வலிக்குமோ அதை விட்டேன். அம்மன் அதைப் பார்த்து இரங்குவாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா சிரித்தார். "நீ பேச்சை உடறதா? பொள்ளாச்சி தாண்டட்டும், பாக்கலாம்." உன் விஷயத்தில் நான் விட்டேன். அவர் தோற்றார். அவர் உன்னிடம் எந்தப் பாஷையும் பேசவில்லை, அவர் யாரிடமும் அதிகம் பேசாதவர். தோளில் தட்டுவார், பட்டறையிலிருந்து வந்ததும் உன்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு டீ குடிப்பார். அதற்கே நீ சிரிப்பாய்.

பள்ளியில் மரச்சட்டங்களில் துணியை அடித்து வைத்திருந்தார்கள். ஒரு சட்டத்தில் பெரிய பட்டன்கள், ஒன்றில் ஜிப், ஒன்றில் கொக்கி, ஒன்றில் பெல்ட்டுக்குப் போடுகிற பக்கிள், ஒன்றில் ஷூ லேஸ். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அம்மாக்களும் தரையில் உட்கார்ந்து மாட்டிக் கழட்ட வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை போதும். சட்டையைக் கழட்டு, செருப்பைக் கழட்டு, கம்மலைக் கழட்டு, டிபன் பாக்ஸ் மூடியைக் கழட்டு. இங்கிலீஷ்காரர்களுக்கு அது போதவில்லை. பட்டனுக்கு அன்பட்டன், ஜிப்புக்கு அன்ஜிப், கொக்கிக்கு அன்ஹூக், செருப்புக்கு அன்பக்கிள், கயிற்றுக்கு அன்டை, பாட்டில் மூடிக்கு அன்ஸ்க்ரூ, பூட்டுக்கு அன்லாக். நாம் டிச் பட்டன் என்கிறோமே, அதற்கு ஸ்நாப், அன்ஸ்நாப். கர்ரென்று பிரிகிற வெல்க்ரோவுக்கு மட்டும் என்னவோ 'புல்', அதாவது இழு. "அதுக்கு மட்டும் ஏனுங்க டீச்சர் அன் இல்லை?" என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, "எனக்கும் தெரியலைம்மா" என்றார்.

கடுகு தாளிக்கும்போது, கோலம் போடும்போது, பஸ்ஸில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஒரு நாள் உன் சித்தி கொல்லைப்பக்கமாக வந்து நின்று கேட்டுவிட்டு, "ஏனக்கா, புதுசா மந்திரம் ஏதாச்சும் படிக்கறீங்களா?" என்றாள். மந்திரம் என்றுதான் நானும் நம்பினேன். நாக்குத் தவறாமல் சொன்னால் பலிக்கும் என்று நம்பினேன்.

நீ கற்றுக்கொண்டாய். மற்ற பிள்ளைகள் ஒரு மாதத்தில் படித்ததை நீ ஒரு வருஷம் படித்தாய், ஆனால் படித்ததை விடவில்லை. ஒவ்வொரு பட்டனையும் ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, அது அந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாய். வாய் மட்டும் திறக்கவில்லை. நாளாக ஆக, அந்த வார்த்தைகளுக்குள்ளேயே நம் குடித்தனம் நடந்தது. நான் 'பக்கிள்' என்றால் வெளியே போகிறோம் என்று உனக்குத் தெரியும். 'பட்டன்' என்றால் வீட்டுக்கு யாரோ வருகிறார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்து வாசலில் நின்று 'அன்பக்கிள்' என்றால் இனி எங்கும் போக வேண்டியதில்லை, அம்மா கொய்யாக்காய் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். நீ செருப்பைக் கழட்டி இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். அந்தப் பார்வைக்கு நூறு பதில் என் வாய்வரைக்கும் வரும். விரதம் ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன்.

துணிப் பாடம் முடிந்து சாப்பாட்டுப் பாடம் வரவேயில்லை. அந்த டீச்சர் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். அவருக்கு அப்புறம் வந்த சின்னப் பெண், "அம்மா, யாரு உங்களை இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னது? நீங்க என்ன பாஷையோ அதையே தாராளமாப் பேசுங்க. நெறையப் பேசுங்க" என்றாள். "இல்லீங்க அம்மணி, அது வேண்டுதலுங்க. பாதியில உடக்கூடாதுங்க" என்றேன். பாதியில் விட்டால் உனக்குத்தான் ஏதாவது ஆகும் என்று பயம். பள்ளி வயது தாண்டி நீ வீட்டோடு வந்துவிட்டாய். விரதம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இனிமேல் சொல்வதுதான் எனக்குச் சொல்ல வராதது. சுகன்யா, நிறுத்தாதே, எழுது.

உன்னிடம் பேசாத தமிழை எல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களிடம் பேசினேன். உனக்குத் தமிழ் புரியாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஐந்து வயதுக்கு அப்புறம் யாரும் உன்னிடம் தமிழ் பேசவில்லை, எப்படிப் புரியும்? உன் சித்தி வந்தால் உன்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே பேசுவோம். அவள் சில சமயம் கண்ணைக் காட்டுவாள். "அக்கா, பையன் இருக்கறான், மெதுவா."

"அவனுக்கென்ன தெரியும்? நீ பேசு" என்பேன்.

உன் அப்பா தவறிப்போனதற்கு அப்புறம் எனக்குப் பயம் வந்தது. எனக்கு அப்புறம் நீ என்ன ஆவாய் என்ற பயம். உன்னைப் போன்ற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோரும் பள்ளி வாசலில் நிற்கும்போது மெதுவாகச் சொல்லிக்கொள்கிற ஒரு வேண்டுதல் உண்டு. அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். உன் அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. தினமும் சாயங்காலம் விளக்கேற்றி, உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, உன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே சத்தமாகச் சொல்வேன்: "தாயே, எனக்கு முன்னாடி இவனை எடுத்துக்க. ஒரு நாள் முன்னாடி எடுத்துக்கிட்டாலும் போதும். அடுத்த நாள் நான் சிரிச்சுக்கிட்டே வாரேன்." ஆனைமலையில் அமாவாசைக் கூட்டத்தில் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மன் காதில் விழ வேண்டுமே என்று கத்திச் சொன்னேன். உன்னைப் பற்றி என் வாயில் வந்த தமிழில் அதிகம் வந்தது அதுதான்.

என் கைகள் இரண்டு வருஷமாகச் சரியில்லை. முடக்குவாதம் என்றார்கள். காலையில் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். முந்தானைக்கு ஊக்குக் குத்த முடியாது, மாத்திரை டப்பா மூடி திறக்க முடியாது. அப்போது நீ வந்தாய். நான் கூப்பிடவில்லை. ஒரு நாள் நான் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கீழே உட்கார்ந்து, என் காலைத் தூக்கி உன் மடியில் வைத்து, பக்கிளை மாட்டினாய். மாட்டிவிட்டு விரலால் தடவிப் பார்த்தாய். அதற்கு அப்புறம் என் ஊக்கு, என் பையின் ஜிப், எண்ணெய் பாட்டில் மூடி எல்லாம் உன் வேலை. நான் வார்த்தையைச் சொல்வேன், நீ செய்வாய். அந்த இரண்டு வருஷம்தான் நாம் மிகவும் நன்றாக இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதை யோசிக்கவே இல்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கையோடு உன்னைக் குளிப்பாட்டுவேன், குளியலறையில் நீ வழுக்கினால் எப்படித் தூக்குவேன் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

காரமடைக்குப் பக்கத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, ஓர் இடம் காலியாகிறது என்று உன் சித்தி விசாரித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்களுக்கு அப்புறம் நாங்க பாத்துக்குவோம்னு சொல்லலாம். பொய் சொல்ல மனசு வரலைங்க. இப்ப இடம் இருக்குது, நாளைக்குக் கிடைக்குமான்னு தெரியாது" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கண்ணு. உண்மையைச் சொன்னாள். அதையும் உன்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசினோம்.

உன்னைக் கொண்டுபோய் விட்ட நாளை எப்படிச் சொல்வேன். முதல் நாள் ராத்திரி முழுவதும், இதை உனக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று தேடினேன். அம்மாவுக்கு முடியவில்லை, உன்னை வெறுத்து விடவில்லை, வாரா வாரம் வருவேன். இதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. தமிழ் பேச விரதம் விடவில்லை. காலையில் 'பக்கிள்' என்றேன். நீ சந்தோஷமாக என் செருப்பையும் உன் செருப்பையும் மாட்டினாய். இல்லத்து வாசலில் நீ உள்ளே வர மாட்டேன் என்று நின்றுவிட்டாய். அங்கே இருந்த அம்மா, "செருப்பைக் கழட்டச் சொல்லுங்க, வந்துருவான்" என்றார். நான் சொன்னேன். அன்பக்கிள் என்று சொன்னேன், கண்ணு. உனக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தே சொன்னேன். நீ உடனே குனிந்து கழட்டி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாய். நானும் கழட்டிவிட்டு உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்காருவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாய். உன் சித்தி என் தோளைப் பிடித்துத் திருப்பி ஆட்டோவில் ஏற்றினாள். என் காலில் நீ மாட்டின செருப்பு அப்படியே இருந்தது. அன்று ராத்திரி கழட்ட முடியாமல் அதோடேயே படுத்தேன்.

முதல் மாதம் பார்க்க வரக்கூடாது என்றார்கள். பிள்ளை அங்கே பழக வேண்டுமாம். மாதம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எல்லோருக்கும் போட்டிருப்பது போல உனக்கும் ஒரு டீ சர்ட், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. ரப்பர் செருப்பு. நான் தைக்கக் கொடுத்து வாங்கி அனுப்பிய பட்டன் சட்டைகள் அலமாரியில் மடித்தபடி இருந்தன. உன்னைப் பார்த்துக்கொள்கிற விஜயா சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்கம்மா. அத்தனை பேருக்கும் பட்டன் போட்டுட்டு நின்னா மத்தியானம் ஆயிருமுங்க." அவள் சொல்வதும் நியாயம். இங்கே மாட்டவும் கழட்டவும் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு இங்கிலீஷ்தான் தெரியும்னு சொல்லியிருந்தேனே, நீங்க எப்படிங்க சமாளிக்கறீங்க?" என்று கேட்டேன்.

விஜயா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "எனக்கு எங்கீங்க இங்கிலீஷ்? நான் பாட்டுக்குத் தமிழ்லயே பேசிப்போட்டேன். அவரு எல்லாம் கேக்கறாருங்களே!"

"என்ன கேக்கறான்?"

"மழை வருது, கொடியில இருக்கற துணியை எடுத்துட்டு வாங்க தம்பீன்னேன், எடுத்தாந்துட்டாரு. பக்கத்துக் கட்டில் பெரியவருக்குக் காது வலிக்குதாம், ரேடியோவைக் குறைங்கன்னேன், குறைச்சாரு. அன்னைக்கு நான் எல்லாரையும் கூட்டமா உக்கார வெச்சு ஒரு பேய்க்கதை சொன்னேன். பேய் வர்ற இடத்துல எல்லாத்துக்கும் முன்னாடி இவருதானுங்க பயந்தது!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். என் பிள்ளைக்குத் தமிழ் தெரியும். யாரும் சொல்லித் தராமல், நான் ஊராரிடம் பேசிய பேச்சைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறான். மாசாணித்தாயே என்று மேலே பார்த்துக் கும்பிட்டேன். நீ எழுந்திருக்கும் வரை இருக்க அவர்கள் விடவில்லை, நேரம் முடிந்துவிட்டது. பஸ் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குள் என் சந்தோஷம் முழுக்கச் செத்துப்போயிற்று.

தமிழ் தெரியும் என்றால், அதுவும் தெரியும்.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் நீ ஓடிப்போய்க் குளியலறையில் உட்கார்ந்துகொள்வாயே, விளையாட்டு என்று நினைத்து இழுத்து வருவேன். ஒரு நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தபோது விளக்கை ஊதி அணைத்தாய், நான் முதுகில் அடித்தேன். அமாவாசைக் காலையில் மட்டும் 'பக்கிள்' என்றால் காலை மடக்கிக்கொள்வாய். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டாய். பொள்ளாச்சி பஸ்ஸின் கூட்டத்துக்குப் பயப்படுகிறான் என்று பிஸ்கெட் கொடுத்து ஏற்றினேன். நீ பயந்தது பஸ்ஸுக்கு இல்லையோ? ஒரு பெண்பிள்ளை உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சாமி முன்னால் நிறுத்தி, இவனைக் கொன்றுவிடு என்று கேட்கிறாள். அதே பெண்பிள்ளை பிஸ்கெட் கொடுக்கிறாள், சட்டை போட்டுவிடுகிறாள். அவள் கையில் வாதம் வந்ததும் நீ அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துச் செருப்பு மாட்டுகிறாய். எப்படி, கண்ணு? எதை நினைத்துக்கொண்டு மாட்டினாய்?

எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வாரம் தனியாக ஆனைமலைக்குப் போனேன். அங்கே அநியாயம் செய்தவர்களை அம்மன் கேட்கட்டும் என்று மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்களே, நானும் மிளகாய் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பி, "உங்களுக்கு என்னங்க களவு போச்சு?" என்றாள்.

"ஒண்ணும் போகலீங்க."

"அப்ப யாரு மேலைங்க? நான் என்ற கொழுந்தன் மேல. வரப்பை வெட்டிப்போட்டு, என்னையே திருடீங்கறான்."

யார் மேல் என்று யோசித்தேன். டீச்சர் நல்லது நினைத்துச் சொன்னார். உன் சித்தி மெதுவாகப் பேசச் சொன்னாள். அப்புறம் வந்த சின்ன டீச்சர் நிறையப் பேசச் சொன்னாள். வேறு யார் இருக்கிறார்கள். என் பேரைச் சொல்லி அரைக்கலாம் என்றால், எனக்கு ஏதாவது ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வர ஆள் இல்லை. கையிலிருந்த மிளகாயை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். "இதையும் சேத்து நீங்களே அரைச்சுக்கங்க."

"நல்லா இருப்பீங்க! இன்னும் கொஞ்சம் எரியட்டும் அவனுக்கு" என்று வாங்கிக்கொண்டாள்.

அம்மன் முன்னால் நின்று, இத்தனை வருஷம் கேட்டதைக் கேட்டதாக வைத்துக்கொள்ளாதே தாயே என்றேன். அவளுக்குக் கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பழையது கேட்டிருக்கும். அதைத்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேனே.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் காரமடைக்கு வந்தேன். விரதத்தை விட்டுவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். நீ நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மெலிந்திருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என் காலைப் பார்த்தாய். நானும் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், பக்கிள் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"கண்ணு," என்றேன். விரதம் எடுத்ததிலிருந்து உன் பிறந்த நாளுக்குக்கூட உன்னை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அம்மா சாமிகிட்டக் கேட்டதெல்லாம்..."

உன் கை வந்து என் வாயை மூடியது.

அடிக்கவில்லை, தள்ளவில்லை. உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டாய். சோப்பு வாசம் அடித்தது. போதும், எனக்குத் தெரியும் என்று சொல்கிறாயா, இனியும் எதையாவது கேட்டுவிடுவேனோ என்று பயப்படுகிறாயா என்று உன் முகத்தில் தேடினேன். நீ தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து விஜயா, "பேச வேண்டாங்கறாரு பாருங்கம்மா, உட்டுருங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கையை எடுத்தாய். மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடி கை வந்தது. மணி அடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பெற்ற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்லித்தான் கடிதத்தை முடிக்க வேண்டும் என்று சுகன்யா சொல்கிறாள். விஜயா சொல்கிற கதைகளைக் கேள். மெலியாதே, இரண்டாவது தடவை சோறு கேள். எனக்கு வேறு தெரியவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிக் கையைக் கூப்புகிறேன். நீ முன்னால் போக வேண்டும் என்று இனி என் வாயால் கேட்க மாட்டேன். நான் முன்னால் போகிறேன் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. இரண்டும் இல்லாமல் கேட்பதற்கு மூன்றாவதாக ஒன்று இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கண்ணு. பேச மாட்டேன்.

உன் அம்மா